பதினொரு விநாடியில் பாதி

அவரை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கடவுச்சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்தேழு. நாற்பத்தோரு வருடமாக ஒரே ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். முழங்காலில் ஒரு அறுவை சிகிச்சை, வலது தோளில் இரண்டு. காது கொஞ்சம் மந்தம். ஆனால் மேடையில் உட்கார்ந்துவிட்டால் ஆள் வேறு.

குழு இருநூறு பாட்டுக்கு மேல் போட்டிருந்தாலும் அவருக்குச் சோறு போட்டது ஒரு பாட்டுதான். ‘மாடிப்படி’ என்று பெயர். இரண்டாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் பதினொரு விநாடி. யாரோ மேல்மாடியிலிருந்து தலைதெறிக்க இறங்கி வந்து, கடைசிப் படியில் விழப்போய் விழாமல் நிற்பது போல இருக்கும். டிரம்ஸ் படிப்பவர்கள் தேர்வில் வாசிக்க வேண்டிய பகுதி அது. ஒரு டயர் கம்பெனி பதினாறு வருடமாக அதை விளம்பரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கையெழுத்து போட்ட குச்சிகள் கடைகளில் விற்கின்றன. ஒன்பது அறை வீடு, வாடகைக்கு விட்ட இரண்டு அடுக்ககங்கள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பழைய கார் ஒன்று, எல்லாம் அந்தப் பதினொரு விநாடியில் வந்தவை. “விநாடிக் கணக்குல சம்பாதிச்சவன் நான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பாட்டை நல்ல ஒலியில் மறுபடி வெளியிட இசைக் கம்பெனி முடிவு செய்தது. பழைய ரீல்களைத் துடைத்து எடுத்த ஒலிப்பதிவுப் பொறியாளர், முப்பது வயதுப் பெண், ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவரை ஸ்டூடியோவுக்கு வரச்சொன்னாள்.

“சார், பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேச்சு இருக்கு. ரெக்கார்டுல வராதது. உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்.”

அவள் பொத்தானை அழுத்தினாள். நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண் குரல், அலட்டல் இல்லாமல், “எண்ணிடவா? ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு” என்றது. டிரம்ஸ் இறங்கியது. ‘மாடிப்படி’ ஆரம்பமானது.

இடிக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டைத் தொடங்க டிரம்ஸ் வாசிப்பவர்தான் எண்ணிக் கொடுப்பார். அவர்கள் குழுவில் பெண்ணே கிடையாது.

“யார் சார் இவங்க?”

“இருந்தாங்க… அப்போ நெறைய பேர் வருவாங்க, போவாங்க” என்று மென்று விழுங்கினார்.

பொறியாளர் ரீல் இருந்த அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பேறிய தாளில் நீல மையில் பாட்டின் பெயரும் ஒரு தேதியும் இருந்தன. அதைப் பார்த்ததும் இடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது அவர் மகள் பிறந்த தேதி.

அவரிடம் இரண்டு கதைகள் இருந்தன. முதல் கதை பேட்டிகளுக்கானது. ‘மாடிப்படி’ பதிவு செய்த அன்று நல்ல மழை, ஸ்டூடியோ கூரை ஒழுகியது, சொட்டுச் சத்தம் கேட்கக் கூடாதென்று வாளிக்குள் துண்டைப் போட்டார்கள், அவர் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். இரண்டாவது கதை வீட்டுக்கானது. மகள் பிறந்த அன்று விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு அவர் நகரவில்லை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நர்ஸ் குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருடமாக இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். ரெக்கார்டின் உறையில் வருடம் மட்டும்தான் போட்டிருந்தது. அதனால் இரண்டு கதைகளும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளவே இல்லை. அவர் மனசுக்குள்கூட.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நாளைத் தோண்டிப் பார்த்தார். வாளி தெரிந்தது. துண்டு தெரிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சின் பச்சை நிறமும் தெரிந்தது. ஆனால் வாளியைப் பார்த்தது ஞாபகமா, வாளியைப் பற்றிச் சொன்னது ஞாபகமா என்று பிரித்தறிய முடியவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், “நம்ம பாப்பா பொறந்த அன்னிக்கு நான் எத்தனை மணிக்கு வந்தேன்?” என்று கேட்டார்.

“நல்ல கேள்வி. நான் என்ன கையில கடியாரம் கட்டிக்கிட்டா பெத்தேன்?”

“இல்ல, காலையிலேயே இருந்தேனா, அப்புறம் வந்தேனா?”

“உங்களை உள்ள விடல. நீங்க வெளிய இருந்தீங்களா, ஊர் சுத்துனீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணத் தொறந்து பார்த்தப்ப நின்னுக்கிட்டிருந்தீங்க. சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.”

“மழையா, வேர்வையா?”

“நான் என்ன பிழிஞ்சா பார்த்தேன்?” என்றவள், அவர் முகத்தைக் கவனித்துவிட்டு மடித்த துணியைக் கீழே வைத்தாள். “ஏன், என்னாச்சு?”

அவர் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, “இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னைத் தூது அனுப்பாதீங்க” என்று எழுந்து போனாள்.

மகள் வழக்கறிஞர். அப்பாவின் ஒப்பந்தங்கள், வாடகை, வரி எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து இடி விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் வழக்கறிஞராகத்தான் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா? ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காங்களா? கம்பெனிக்கு இது தெரியுமா?”

“தெரியாது, தெரியாது, தெரியாது.”

“அப்ப யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. முதல்ல நான் பார்க்கிறேன்.” குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது. “அப்பா, தேதி என்னன்னு சொன்னீங்க?”

அவர் மறுபடி சொன்னார்.

அவள் பேனாவை மூடினாள். “அப்ப ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது?”

“அதாம்மா எனக்கும் தெரியல.”

“என்னப்பா தெரியலன்னா? இருந்தீங்களா, இல்லையா?”

“இருந்தேன்னுதான் நெனச்சேன். வாசிச்சேன்னும் நெனச்சேன்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “ஸ்கூல்ல சேர்த்தப்ப நீங்க இல்ல. நான் கையை ஒடச்சுக்கிட்டப்ப இல்ல. காலேஜ்ல பட்டம் வாங்குனப்ப இல்ல. எல்லாம் டூர். நான் அதைக் குத்தமா சொன்னதில்ல. அந்த ஒரு நாள் இருந்தீங்கன்னு வெச்சுக்கிட்டு மத்த நாளையெல்லாம் ஓட்டிட்டேன்” என்றாள். பிறகு உடனே, “சரி, கார் வந்துடுச்சு, கிளம்புங்க” என்று சொல்லிவிட்டாள்.

இடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசிக்கவில்லை என்றால் மகளிடம் சொன்னது நிஜம். ஆனால் வீடு, கார், பெயர் எல்லாம் அடுத்தவர் உழைப்பு. வாசித்தார் என்றால் சொத்து சுத்தம். மகளிடம் சொன்னது பொய். எது நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்றே தெரியவில்லை.

குழுவில் கிடார் வாசிப்பவர் மனைவியின் தம்பி. இடிக்கு மச்சான். அந்த நாளில் ஸ்டூடியோவிலும் அவர் இருந்தார், அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்தான். மறுநாள் இடி அவர் வீட்டுக்குப் போனார். அவர் சட்டையில்லாமல் பால்கனியில் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் மாமா வாசிச்சீங்க. அதுல என்ன சந்தேகம்?” என்றார் கேட்டவுடனே.

“அப்படியா? நேத்து சாயங்காலம் பாப்பா உனக்குப் போன் பண்ணினாளாமே. அவகிட்ட என்ன சொன்ன?”

மச்சான் கம்பியை முறுக்கினார். “உங்கப்பா ஆஸ்பத்திரியிலதாம்மா இருந்தாருன்னு சொன்னேன்.”

“ஏன்டா?”

“ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான். இந்த வயசுல உங்களுக்குள்ள சண்டை வேணுமா?”

“நிஜத்தச் சொல்லித் தொலை.”

மச்சான் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “அன்னிக்கு நானும் நெதானத்துல இல்ல மாமா. நாம எல்லாரும் எப்படிக் குடிச்சோம் அந்த வருஷம்? அக்காவுக்கு வலி வந்துச்சு, போன் மேல போன். நீங்க போனீங்க, வந்தீங்க, போனீங்க. எது முன்னாடி எது பின்னாடின்னு கேட்டா, சத்தியமா ஞாபகம் இல்ல. ஆனா ஒண்ணு. நீங்க இல்லாதப்ப கடிகாரத்தைக் கூப்பிட்டோம்.”

“எந்தக் கடிகாரம்?”

“அட, நம்ம கடிகாரம். யாருக்காவது டிரம்மர் வரலேன்னா வந்து வாசிச்சுட்டுக் கூலி வாங்கிட்டுப் போகுமே அந்தப் பொண்ணு.”

அப்போதுதான் ஒல்லியான ஒரு பெண் இடியின் நினைவில் நடந்து வந்தாள், குச்சிகளைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தாளம் இம்மி பிசகாது. அதனால்தான் அந்தப் பெயர். மச்சானோடு பேசிக்கொண்டிருந்தபோதே பொறியாளரிடமிருந்து போன் வந்தது.

“சார், ரீலைக் கையால சுத்திப் பார்த்தேன். நடுவுல ஒட்டு இருக்கு. ரெண்டு தடவை வாசிச்சதை வெட்டிச் சேர்த்திருக்காங்க.”

“எந்த இடத்துல?”

“உங்க பதினொரு விநாடியில. சரியா நடுவுல. மத்த வாத்தியம் எதுவும் இல்லாத இடம்கிறதால காதுக்கே தெரியல. ரெண்டு பக்கமும் வேற வேற ஆளா இருக்கலாம், ஒரே ஆளாவும் இருக்கலாம்.”

“எண்ணினாங்களே, அந்தம்மா? அப்ப முதல் பாதி அவங்கதானே?”

“அங்கயும் ஒரு ஒட்டு இருக்கு சார்” என்றாள் அவள் பாவமாக.

கடிகாரத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. பல்செட் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். இடி தனியாகப் போனார். நீள மேஜை, அதில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. மெழுகு உருகும் வாசனை. அரவை இயந்திரத்தின் முன்னால் ஏப்ரனும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இடி!” என்றார். அடுத்த நொடியே, “வாயத் தொற. மேல் வரிசை யாரு கட்டினது? இடது பக்கம் ஒசரமா இருக்கே, சாப்பிட்டா வலிக்குமே?”

“வலிக்குது” என்றார் அவர்.

“வலிக்கும். அடுத்த வாரம் கழட்டிக் கொண்டா.” கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். “என்ன இந்தப் பக்கம்?”

அவர் ஒளிக்காமல் சொன்னார். தேதி, குரல், ஒட்டு, மகள், எல்லாவற்றையும். கடிகாரம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “போட்டுக் காட்டு” என்றார். இடியின் போனில் அந்தப் பதினொரு விநாடியைக் கண்ணை மூடிக் கேட்டார்.

“முதல் பாதி நான்.”

மறுபடி கேட்டார். “இல்ல. ரெண்டாவதுதான் நானா இருக்கும்.” மூன்றாவது தடவை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தெரியலையே, இடி.”

“எண்ணினது?”

“அது என் குரல்தான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா உள்ள வந்து உக்காந்தப்ப ஸ்டூல் சூடா இருந்துச்சு. யாரோ அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்த சூடு. அது நல்லா ஞாபகம் இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “அந்த வாரம் நான் மூணு ஸ்டூடியோவுல வாசிச்சேன். அது வேற ஸ்டூலாவும் இருக்கலாம்.”

“அப்படின்னா இத்தனை வருஷமா ஏன் நீ ஒண்ணும் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது? ரேடியோவுல கேட்டப்ப அது நீன்னுதான் நெனச்சேன். என்னமா வாசிச்சிருக்கான் பாருன்னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டகூடச் சொன்னேன்.”

இடி அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை. கணக்குத் தீர்க்க நினைக்கும் முகமும் இல்லை.

“கை சொல்லுமா பார்ப்போம்” என்று கடிகாரம் இரண்டு மெழுகுக் கத்திகளை எடுத்து மேஜை விளிம்பில் வாசித்தார். முப்பது வருடமாகக் குச்சியைத் தொடவில்லையாம்; ஆனாலும் தாளம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேஜையிலிருந்த தாடைகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. பிறகு கத்திகளை இடியிடம் கொடுத்தார். அவர் வாசித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி இருந்தது. முதல் பாதி, இரண்டாம் பாதி, கடைசியில் விழாமல் நிற்கும் அந்த இடம்கூட.

“எப்படி ஒரே மாதிரி இருக்காம போகும்?” என்றார் இடி மெதுவாக. “ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு, அதுல இருக்கிற மாதிரியேதான் மேடையில வாசிச்சேன். உன் பாதி எதுவோ, அதையும் நான்தான் ஆயிரக்கணக்கான தடவை வாசிச்சிருக்கேன். என் கை இப்ப ரெண்டு பேரோட கை.”

“நானும் உன்னைப் பார்த்துத்தான் வாசிச்சேன். கூலிக்கு வாசிக்கிறவ பாட்டுக்காரங்களோட ஆள் மாதிரிதானே வாசிக்கணும்? அதுக்குத்தானே காசு?”

வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.  இடிக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஒரு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“புது ரெக்கார்டுல உன் பேரையும் போடச் சொல்றேன். அந்தப் பகுதிக்கு வர்றதுல பாதி உனக்கு. என் மக எழுதித் தருவா.”

கடிகாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. “பாதி எனக்கு வந்தா பல்லு சுட ஒரு நல்ல சூளை வாங்குவேன். இப்ப இருக்கிறது ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் காய மாட்டேங்குது” என்றார். “ஆனா கடிகாரம்னு போடாத. என் சொந்தப் பேரப் போடு.”

இடி பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது உறைத்தது. கூச்சத்தோடு கடிகாரத்திடம் கேட்டார். அவர் சொன்னார். துண்டுச் சீட்டு ஒன்றில் இடி எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார்.

கம்பெனி முதலில் முறைத்தது. டயர்காரர்கள் கடிதம் போட்டார்கள். மகள் எல்லோருக்கும் பதில் எழுதினாள். அப்பாவிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. கையெழுத்து வாங்கப் பட்டறைக்கு அவளே போனாள். அரை மணி நேர வேலைக்குப் போனவள் மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இடி கேட்கவில்லை.

ரெக்கார்டு இரண்டு பெயர்களோடு வெளிவந்தது. எந்தப் பாதி யாருடையது என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். ஒரு நிருபர் அவரையே கேட்டார். “எனக்குத் தெரியாது” என்றார் இடி. நிருபர் நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். இடி அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நிஜமாவே தெரியாது” என்றார். அந்த வரியைப் பத்திரிகையில் போடவில்லை.

சிக்கல் ஒத்திகையில்தான் வந்தது. காலை பதினொரு மணி, வாடகை மண்டபம், வழக்கம்போல ‘மாடிப்படி’. எல்லோரும் நிறுத்தினார்கள். இடி தன் பதினொரு விநாடியை வாசிக்க இறங்கினார். நடுவில், அந்த ஒட்டு இருக்கும் இடத்தில், அவர் கை நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் நடக்காதது.

“என்ன மாமா?” என்றார் மச்சான்.

“ஒண்ணுமில்ல. மறுபடி போங்க.”

மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இத்தனை நாள் யோசிக்காமல் தாண்டிய படியில் இப்போது ஒவ்வொரு தடவையும் கால் தேடியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தார். கேட்க வேறு மாதிரி இருந்தது. நன்றாக இருந்ததா, மோசமாக இருந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. மச்சான் ஒரு நொடி தாமதமாகக் கிடாரைத் தொடங்கினார்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் மகள் கோப்பு ஒன்றோடு உட்கார்ந்திருந்தாள். ஒத்திகைக்கு அவள் வந்ததே இல்லை. முடிந்ததும் அவரைத் தன் காரிலேயே அழைத்துப் போனாள். இரண்டு சிக்னல் தாண்டினார்கள்.

“அந்தம்மாகிட்ட என்ன கேட்ட?” என்றார் கடைசியில்.

“நீங்க கேட்டதைத்தான். அவங்களுக்கும் தெரியல.” அவள் வண்டியைத் திருப்பினாள். “உங்க இடது பக்கப் பல்லு வலிக்குதாமே. எங்ககிட்ட சொல்லவே இல்ல.”

“சின்ன வலிதான்.” தயங்கினார். “கோவமாம்மா?”

அவள் சாலையைப் பார்த்தபடியே நிஜமாகவே யோசித்தாள். “தெரியலப்பா” என்றாள். பிறகு, “வியாழக்கிழமை அவங்க வரச்சொன்னாங்க, பல்லு பார்க்க. நான் கூட்டிட்டுப் போறேன். பத்து மணிக்குக் கிளம்பி இருங்க” என்றாள்.

இடி சரி என்று தலையாட்டிவிட்டு, ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்.